மாமா மீசை வைத்த பூசணிக்காய்

எங்கள் அப்பாவின் சாப்பாட்டுக் கடை ஆரப்பாளையத்தில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு சாக்குப் படுதா. படுதாவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் ராஜ்ஜியம், இந்தப் பக்கம் அம்மாவின் ராஜ்ஜியம். இரண்டு பக்கமும் கேள்வி கேட்பாரில்லாமல் போய்வரும் உரிமை எனக்கும் என் தாய்மாமாவுக்கும் மட்டுமே இருந்தது.

மாமா அம்மாவுக்கு இளையவர். அவர்களுடைய தாய் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணச் சீரில் அண்டா குண்டாவோடு இந்தப் பையனும் வந்து இறங்கினான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். படித்த காலமெல்லாம் மாமாவுக்கு எங்கள் கடையில்தான் சாப்பாடு. பிறகு கார்ப்பரேஷனில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆனார், கல்யாணம் முடித்தார், கோச்சடையில் இருந்த அவர்களுடைய பழைய வீட்டிலேயே குடித்தனம் வைத்தார். அப்போதும் மதியமானால் அவருடைய சைக்கிள் எங்கள் கடை வாசலில்தான் நிற்கும். சுவரோரம் கடைசி இடம் அவருடையது. இதில் அத்தைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

மாமாவின் மீசையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இடது பக்கம் முறுக்கிக்கொண்டு கம்பீரமாக நிற்கும். வலது பக்கம் என்ன எண்ணெய் போட்டு முறுக்கினாலும் சற்று நேரத்தில் சாய்ந்து தொங்கிவிடும். லீவு நாள் என்றால் நான் அவர் மடியில் உட்கார்ந்து அந்த வலது பக்கத்தை நிமிர்த்திப் பார்ப்பேன். "விடு மருமகளே, அது கார்ப்பரேஷன் வேலை மாதிரி, நிமிராது" என்பார்.

கடை என்றால் எச்சில் இலை சேரும். தெருமுனையில் கார்ப்பரேஷனின் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. அது எப்போதும் நிறைந்து வழியும். அதை அள்ள வண்டி என்றைக்கு வரும் என்பதை ஜோசியக்காரர்தான் சொல்ல வேண்டும். அதனால் அப்பா ஒரு மாட்டுவண்டிக்காரரை அமர்த்தியிருந்தார். அவர் விடியற்காலையில் எங்கள் இலைக்கூடைகளை ஏற்றிக்கொண்டு மேற்கே போவார். அந்த வண்டி எங்கே போய்க் கவிழ்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கோச்சடையைத் தாண்டி வயல்களுக்குப் பாயும் வாய்க்காலில்தான். கரையில் 'இங்கே குப்பை கொட்டக்கூடாது, மீறினால் தண்டிக்கப்படுவீர்கள்' என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து அந்தப் பலகையில்தான் கட்டுவார்.

மாமாவின் எல்லையில்தான் அந்த வாய்க்கால் இருந்தது. அவரும் சொல்லாமல் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் இந்தப் பேச்சு வந்துவிடும்.

"மச்சான், உங்க எச்சி இலை அம்புட்டும் எங்க வாய்க்கால்ல மிதக்குது. ஒரு நாளைக்கு கேஸ் போட்ருவேன்."

"போடு மாப்ள. போட்டுட்டு மறுநா மத்தியானச் சோத்துக்கு எங்க போவ?"

கடையே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். எங்கள் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டால் அது கேலி. கேலியைத் தவிர அவர்களுக்கு வேறு பேச்சு வழக்கமில்லை. அதனால் மாமா நிஜமாகத்தான் எச்சரிக்கிறார் என்பது அப்பாவுக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை. அக்காள் புருஷன் மேல் கேஸ் எழுத மாமாவுக்குக் கையும் வரவில்லை. சிரித்துவிட்டு மோரை ஊற்றிக்கொள்வார்.

அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். அவள் பிறந்த தெருப் பெண்கள் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் அந்த வாய்க்காலுக்குத்தான் போவார்கள். மடைவாயில் இலைகள் வந்து அடைத்து, தண்ணீர் தேங்கி நாறி, கரையோரக் கிணற்றிலும் அது இறங்கியது. அம்மாவோடு கல்லாங்காய் ஆடி வளர்ந்த தோழி ஒருத்தி. அவளுடைய பெண்குழந்தைக்கு வாந்தியும் பேதியுமாகிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தது. அம்மா பார்த்துவிட்டு வந்த அன்று படுதாவை விலக்கி, கடைக்குள்ளேயே வந்து நின்றாள். அப்படி அவள் வருவது அபூர்வம்.

"என்னங்க, அந்த வண்டிய வேற பக்கம் போகச் சொல்லுங்க. புள்ளைகளுக்கு ஆகமாட்டேங்குது."

"இந்தா, ஓடுற தண்ணிக்கு ஏது அழுக்கு? கோச்சடைக்காரவுக எதுக்கெடுத்தாலும் ஒரு பிராது வச்சிருப்பாக."

அப்பா கெட்டவர் இல்லை. பசி என்று வந்தவனை வாசலோடு அனுப்பியதில்லை. ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று அவர் மனசார நம்பினார், அவ்வளவுதான். அம்மா படுதாவை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். புருஷன் மேல் கேஸ் போடு என்று தம்பியிடம் எந்தப் பெண் போய்ச் சொல்வாள்? அப்படி ஒரு சங்கடம் அம்மாவுக்கு இருந்தது என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. என் கவலையெல்லாம் அடுத்து வரும் தம்பியின் காதுகுத்தைப் பற்றித்தான்.

என் தம்பியை வீட்டில் சின்னவன் என்போம். அவனுக்கு அழகர்கோவிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமா சீர் கொண்டுவருவார். அதில் எனக்கும் ஒரு பட்டுப்பாவாடை உண்டு, நிறம்கூட முடிவாகிவிட்டது, கத்திரிப்பூ நிறம்.

எங்கள் கடை வாசலில் திருஷ்டிக்கு ஒரு வெள்ளைப் பூசணிக்காய் தொங்கும். அமாவாசைக்கு அமாவாசை பழையதை இறக்கி முச்சந்தியில் உடைத்துவிட்டுப் புதியதைக் கட்டுவார்கள். அதில் பூத முகம் வரைவது என் வேலை. சுண்ணாம்பில் உருட்டு விழி, குங்குமத்தில் நாக்கு, கரியில் மீசை. அந்த மாதம் அம்மா இரண்டு பூசணிக்காய் வாங்கியிருந்தாள்.

"ஒண்ணுல வழக்கம்போல வரை. இன்னொண்ணுக்கு மட்டும் உங்க மாமா மீசை வையித்தா."

"எதுக்கும்மா?"

"மாமா ஞாபகமா இருக்கட்டும்."

முந்தின நாள் மதியம் வந்து சாப்பிட்டுப் போன மாமாவுக்கு எதற்கு ஞாபகம் என்று நான் கேட்கவில்லை. அம்மா கரியை விளக்கெண்ணெயில் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்தாள். "இது தண்ணியில போகாது" என்றாள். பூசணிக்காய் என்ன குளிக்கவா போகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வரைந்து முடித்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "வலது பக்கம் இன்னுங் கொஞ்சம் சாயணும்" என்றாள். சாய்த்தேன். ஒன்று கடை வாசலில் ஏறியது. மற்றது பின்கட்டில் இலைக்கூடைகளுக்குப் பக்கத்தில் இருந்தது, வீட்டு வாசலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் அம்மா பணியாரம் சுட்டுத் தூக்குச்சட்டியில் போட்டு, கடைப் பையனோடு என்னைச் சைக்கிளில் ஏற்றிக் கோச்சடைக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். காலையில் லீவுதான். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் பொழுது விடிந்ததும் விடியாததுமாக வாய்க்கால் பக்கமிருந்து ஒரு கூச்சல். அத்தை என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். மடைவாயில் இலைகள் மெத்தை போலப் படிந்து கிடந்தன. அந்த மெத்தையின் நடுவில் பூசணிக்காய் ஒன்று உட்கார்ந்து, விழியை உருட்டிக்கொண்டு ஊரைப் பார்த்தது. மேலெல்லாம் குங்குமம். துவைக்க வந்தவர்கள் துணிமூட்டையைப் போட்டுவிட்டுக் கரையேறியிருந்தார்கள். செய்வினை என்றார்கள். ஊருக்கே எவனோ வைத்துவிட்டான் என்றார்கள். வயலுக்குத் தண்ணீர் திருப்ப வந்தவர்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி நின்றார்கள். அதைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை.

ஆள் போய்ச் சொன்ன வேகத்தில் ஹெல்த் ஆபீசரே ஜீப்பில் வந்து இறங்கினார். அம்மாவின் தோழி, இடுப்பில் மெலிந்த பிள்ளையோடு முன்னால் வந்தாள்.

"இலை மிதக்குதுன்னு சொன்னோம், எழுதிக் குடுங்கன்னீக. புள்ளைகளுக்கு வயித்தால போகுதுன்னு சொன்னோம், ஆளு பத்தலைன்னீக. இப்ப ஒரு காயி மிதக்கவும் ஜீப்பு வருது பாருங்க!"

ஆபீசர், முன்பே வந்து நின்றிருந்த மாமாவைப் பார்த்தார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அவர் பூசணிக்காயைத் தூக்கித் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். மந்திரம் சொல்கிறார் என்று பக்கத்தில் ஒருவர் கும்பிட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அவர் கரையேறியதும் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகே சொன்னேன்.

"மாமா, அது நான் வரைஞ்சது. உங்க மீசை."

மாமா குனிந்தபடியே இருந்தார். "யாருத்தா வரையச் சொன்னா?"

"அம்மாதான். தண்ணியில போகாத மையி."

மாமாவின் கண் கலங்கியிருந்தது. வாய்க்கால் நாற்றத்தில் எனக்கும்தான் கண் எரிந்தது. "யார்ட்டயும் சொல்லாத. போயி அத்தைகிட்ட நில்லு" என்றார்.

அடுத்த விடியலில் மாமா அந்தப் பலகை அருகே காத்திருந்து, வண்டியைக் கையும் களவுமாகப் பிடித்தார். வண்டியும் மாடும் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போயின. மாடு அங்கே கொட்டிக் கிடந்த முட்டைக்கோஸ் இலையைத் தின்றுகொண்டு சந்தோஷமாக இருந்ததாம். அப்பா பெயரில் கேஸ் எழுதப்பட்டது.

அன்று அப்பா கத்தியது தெருவுக்கே கேட்டது. "என் கடைச் சோத்தத் தின்னு வளந்தவன் எனக்கே கேஸ் போடுறானா? இனி அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அவன் மடியில எம்புள்ள உக்காரமாட்டான். ஒண்ணுவிட்ட மாமன் எவனாவது இருக்கான்ல, அவன் வந்து உக்காரட்டும்!"

அம்மா மதியம் வழக்கம்போல ஒரு தலைவாழை இலையைக் கழுவி, சுவரோரம் கடைசி இடத்தில் போட்டாள். பந்தி முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு அந்தக் காலி இலையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளும் அப்படித்தான் செய்தாள். அப்பா பார்த்தும் பார்க்காதவர் போலக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த இலையைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது. மாமா மேல் ஆத்திரமாகவும் வந்தது. கேவலம் குப்பைக்காக இப்படிச் செய்வார்களா என்று நினைத்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையோடு போனால் கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வழியெல்லாம் வாதத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "எல்லாக் கடையிலயும் வாழை இலைதான் போடுறாக. இது என் கடை இலைதான்னு எவன் கண்டான்? வண்டிக்காரன் எங்க கொட்டுறான்னு நானா பின்னாலயே போய்ப் பாக்க முடியும்?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆபீசரின் மேசைமேல் பூசணிக்காய் இருந்தது. ஒரு பக்கம் அழுகியிருந்தாலும் மீசை மட்டும் அப்படியே இருந்தது. மேசைக்குப் பக்கத்தில் மாமா தரையைப் பார்த்தபடி நின்றார்.

அப்பா பேச வாயெடுத்தார். பூசணிக்காயைப் பார்த்தார். பிறகு மாமாவின் மீசையைப் பார்த்தார். மறுபடியும் பூசணிக்காயைப் பார்த்தார். கடைசியாக என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று பயந்து நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

"எங்க கடையதுதான் சார்" என்றார்.

சண்டைக்குத் தயாராக இருந்த ஆபீசருக்கே அது ஏமாற்றமாகிவிட்டது. அபராதம் போட்டார். அடைத்துக் கிடக்கும் மடையை அப்பாவே ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். இனி இலைகள் கார்ப்பரேஷன் உரக்கிடங்குக்குத்தான் போக வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் அப்பா தலையாட்டினார். அதிகாரிகளைக் கண்டால் அப்பாவுக்கு இவ்வளவு பயமா என்று எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

திரும்பும்போது எனக்குச் சேவு வாங்கிக் கொடுத்தார். ரொம்ப தூரம் வந்த பிறகு, "அந்த மையி எப்பிடித்தா அழியாம இருக்கு?" என்று கேட்டார்.

"விளக்கெண்ணெயில குழைக்கணும்ப்பா. அம்மாதான் குழைச்சுக் குடுத்துச்சு."

"ம்" என்றார். என் ஓவியக் கலையில் அப்பாவுக்கு முதல்முறையாக அக்கறை வந்திருப்பதாக நினைத்து, விழிக்குச் சுண்ணாம்பு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதையும் விளக்கிச் சொன்னேன்.

மடை சுத்தம் செய்ய அப்பா ஆள் மட்டும் அனுப்பியிருக்கலாம். கடையைப் பூட்டிவிட்டு அவரே போனார். நானும் அம்மாவும் கரையில் நின்றோம், அம்மா இடுப்பில் சின்னவன். அப்பா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு சகதியில் இறங்கி, தன் கடை இலைகளைத் தானே அள்ளிக் கரையில் போட்டார். சற்று நேரத்தில் மாமாவின் சைக்கிள் வந்தது. சட்டையைக் கழற்றிப் பலகையில் மாட்டிவிட்டு, அவரும் இறங்கினார். ஒருவர் இழுத்ததை மற்றவர் வாங்கிக் கரையேற்றினார். ஒரு இடத்தில் அப்பாவுக்குக் கால் வழுக்கியது. மாமா சட்டென்று அக்குளில் கைகொடுத்துத் தாங்கினார்.

"மெதுவா மச்சான்."

அப்பா கையை உதறவில்லை.

கரையேறிக் கைகால் கழுவும்போது அம்மாவின் தோழி பக்கத்தில் நின்றாள். அவள் இடுப்பில் இருந்த பிள்ளையின் கை குச்சியாக இருந்தது. "இந்தப் புள்ளைக்கா உடம்புக்கு முடியாம இருந்துச்சு?" என்று அப்பா கேட்டார். அவள் ஆமாம் என்றாள். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. சின்னவன் வயதுதான் இருக்கும். அப்பா அதற்குப் பிறகும் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து அம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டு வாசலில் போய் நின்றார் அப்பா. தாய்மாமனை நேரில் போய் அழைக்காமல் காதுகுத்து நடக்காது. உள்ளே போகாமல் வாசலில் நின்றபடி குரல் கொடுத்தார்.

"சானிட்டரி இன்ஸ்பெக்டர் சார் வீடு இதுதானா?"

மாமா ஓடிவந்தார். தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "குப்பை கொட்டுறவுகளுக்கு இங்க அனுமதி கிடையாது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அப்பா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சமாதானம் ஆன பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அழகர்கோவிலில் காதுகுத்து சிறப்பாக நடந்தது. மாமா மடியில் உட்கார்ந்திருந்த சின்னவன் வலி தாளாமல் அவருடைய மீசையைப் பிடித்துத் தொங்கினான், அதுவும் நிமிர்ந்திருந்த இடது பக்கத்தை. கிடா வெட்டிப் பந்தி போடுவதற்கு முன்னால் அப்பா தோப்போரத்தில் இலை போடக் குழி வெட்டச் சொன்னார். குழி சரியாக இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் சார் வந்து பார்க்க வேண்டும் என்று மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் கத்திரிப்பூ நிறப் பாவாடையோடு எல்லோர் முன்னாலும் போய்ப் போய் நின்றேன்.

அதற்கு அடுத்த அமாவாசை வந்தது. மாமாவின் சைக்கிள் பழையபடி எங்கள் கடை வாசலில் நின்றது. அவர் கடைசி இடத்தில் உட்கார்ந்து ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நின்று பரிமாறினாள். சந்தைக்குப் புறப்பட்ட அப்பா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் அருகே வந்து நின்றார்.

"ஏத்தா, இந்தத் தடவை பூசணிக்காய் ஒண்ணு போதுமா, ரெண்டு வாங்கணுமா?"

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. மாமா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அம்மா மெல்ல நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தில் கோபமில்லை. அம்மாவின் கண் நிறைந்து ததும்பியது. ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பும் வந்தது.

பெரியவர்களுக்கு இந்தச் சின்ன விஷயத்துக்குக்கூடப் பதில் தெரியவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. வரையப்போகிறவள் நான்தானே.

"ஒண்ணு போதும்ப்பா" என்றேன்.